அன்றைய வீரரும் இன்றைய தராசும்

ஆற்றல் மிக்கோரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசி மகிழ்வது மனித இயல்பு. ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரை ஒப்பிடுவதில் பெரிய தொல்லை இல்லை. இருவருக்கும் களம் ஒன்று, விதி ஒன்று, பார்த்தவர்களும் ஏறக்குறைய ஒருவரே. காலத்தால் பிரிந்து நிற்கும் இருவரை ஒரே தராசில் ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. "அந்த நாளில் பெயர் பெற்ற வீரர் இன்றைய ஆட்டத்தில் தேறுவாரா?" என்னும் வினா திண்ணைப் பேச்சில் பொழுதுபோக்காக எழுவதுதான். ஆயினும் அதனுள்ளே நீதியைப் பற்றிய வினா ஒன்று மறைந்து கிடக்கிறது.

மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட அவனியாபுரத்தில் ஆண்டுதோறும் தை முதல் நாளில் இந்த வினாவைக் கேட்கலாம். மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று தொடரும் சல்லிக்கட்டு வரிசையில் முதல் வாடிவாசல் திறப்பது இங்கேதான். வாடிவாசலைக் கடந்து காளை சீறி வரும்போது, கூட்டத்தில் நிற்கும் முதியவர், "எங்கள் காலத்து ஆள் ஒருவன் இப்போது இறங்கினால் இவர்களெல்லாம் எம்மாத்திரம்?" என்பார். அருகில் நிற்கும் இளைஞனோ, "உங்கள் காலத்து ஆள் இன்று இறங்கினால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவார்" என்பான். இருவரில் யார் சொல்வது சரி?

விடை காண்பதற்கு முன் ஆட்டத்தைக் காண வேண்டும். சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டியதால்தான் சல்லிக்கட்டு என்ற பெயர் வந்தது என்பர். காளையை அணைந்து, அதன் கொம்பில் இருக்கும் முடிப்பை அவிழ்த்து எடுப்பவனே அன்றைய வெற்றி வீரன். அவன் கண் கொம்பின் மீது. அவன் கை கொம்பை நோக்கி. இன்றைய விதியோ வேறு. திமிலை மட்டுமே பற்ற வேண்டும். குறித்த தூரம் வரையிலோ, காளையின் மூன்று துள்ளல் வரையிலோ பிடி தளராமல் நின்றால் வெற்றி. கொம்பைப் பிடிப்பதும் வாலைப் பிடிப்பதும் குற்றம். வீரர்கள் முன்பதிவு செய்து, மருத்துவச் சோதனையில் தேறி, சீருடை அணிந்து, சுற்றுச் சுற்றாகக் களத்தில் இறங்குகின்றனர். காளைகளையும் கால்நடை மருத்துவர்கள் சோதித்த பிறகே அவிழ்க்கின்றனர். மிகுதியான காளைகளை அடக்கியவருக்கு முதற்பரிசாகக் கார் கிடைக்கிறது.

இந்த மாற்றத்தின் விந்தையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எந்தக் கையால் அன்றைய வீரர் புகழ் பெற்றாரோ அந்தக் கையே இன்று அவரைக் களத்தைவிட்டு வெளியேற்றிவிடும். அன்று திறமையாக இருந்தது இன்று தவறாகிவிட்டது. மேலும், பேர்போன ஒரு காளைக்காகக் காத்திருந்து, அதை மட்டும் அணைந்து பெயர் பெறுவது அன்றைய பெருமை. ஒரே நாளில் ஆயிரம் அளவில் காளைகள் அவிழ்க்கப்படும் இன்றைய களத்தில் எண்ணிக்கையே பெருமை. ஒன்றைத் தேர்ந்து காத்திருக்கும் பொறுமையும், பலவற்றை அடுத்தடுத்து எதிர்கொள்ளும் தளராமையும் வெவ்வேறு குணங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளப்பது படியைக் கொண்டு துணியை அளப்பது போன்றது.

ஆகவே, "தேறுவாரா?" என்னும் வினாவுக்கு இரண்டு பொருள் உண்டு. அந்த மனிதரை அப்படியே, அன்றைய பழக்கத்தோடும் அன்றைய உணவோடும் தூக்கிவந்து இன்றைய வாடிவாசலில் நிறுத்துவது ஒன்று. இது நீதியன்று; அறிவிக்கப்படாத விதிக்கு ஒருவரைத் தண்டிப்பது ஆகும். அவருக்கு இன்றைய பயிற்சியும் இன்றைய மருத்துவமும் கொடுத்து வளர்த்து நிறுத்துவது மற்றொன்று. இது நீதியாகத் தோன்றினும், அப்படி வளர்ந்து வந்து நிற்பவர் நாம் புகழ்ந்த அந்த மனிதர் அல்லர். நம் கற்பனையில் பிறந்த வேறொருவர். முதல் வழியில் மனிதர் இருக்கிறார், நீதி இல்லை. இரண்டாம் வழியில் நீதி இருக்கிறது, மனிதர் இல்லை.

அப்படியானால் ஒப்பீடே வீண்தானா? இல்லை என்பதற்கு உலக விளையாட்டரங்கிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டலாம்.

1975-ல் கோலாலம்பூரில் நம் நாட்டு ஹாக்கி அணி உலகக் கோப்பையை வென்றது. மறு ஆண்டே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்திற்கு இறங்கியது. இடையில் வீரர்கள் கிழவர்களாகிவிடவில்லை. ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டதும் அந்தச் சரிவுக்கு ஒரு பெருங்காரணம். தரை மாறியதும் கைத்திறனின் மதிப்பும் மாறியது. வீரனின் பெருமையில் ஒரு பங்கு அவன் காலடியில் இருக்கும் மண்ணுக்கும் உரியது என்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்?

இரண்டாவது சான்று அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் கரீம் அப்துல் ஜப்பார். லூ அல்சிண்டர் என்னும் பெயரோடு பிறந்து, 1968-ல் இஸ்லாத்தைத் தழுவி, 1971-ல் இப்பெயரைப் பூண்டவர். ஏழடி இரண்டங்குல உயரம். அவர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த 1967-ல், பந்தை வளையத்திற்கு மேலிருந்து அழுத்திப் போடும் முறையைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தனர். உயரமானவரின் எளிய ஆயுதம் பறிக்கப்பட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. ஒரு கையை உயர்த்தி, பந்தை வளைத்து, எதிரியின் கைக்கு எட்டாத உயரத்திலிருந்து விடும் வீச்சைத் தீட்டித் தீட்டிக் கூர்மைப்படுத்தினார். அதுவே அவருடைய முத்திரையாயிற்று. 1969 முதல் 1989 வரை இருபது பருவங்கள் ஆடி 38,387 புள்ளிகள் குவித்தார்.

மூன்று புள்ளிக் கோடு அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் ஆட்டத்திற்கு வந்தது 1979-ல். அவர் ஆட்ட வாழ்வில் அந்தக் கோட்டிற்கு அப்பாலிருந்து போட்ட பந்து ஒன்றே ஒன்று! இன்றைய ஆட்டத்திலோ ஒவ்வோர் அணியும் ஓர் ஆட்டத்தில் முப்பது தடவைக்கு மேல் அங்கிருந்து எறிகிறது. அந்த ஒன்றை மட்டும் பார்ப்பவர், "இவர் இன்று தேறமாட்டார்" என்று கூறிவிடலாம். தடைக்குப் பின் அவர் செய்ததைப் பார்ப்பவரோ, "விதி மாறியபோது தம்மை மாற்றிக்கொண்டவர் இவர், இன்றும் மாற்றிக்கொள்வார்" என்றே கூறுவார். காலத்தைக் கடந்து எடுத்துச் செல்லத்தக்க ஆற்றல் ஒன்று உண்டெனில் அது இதுதான். கைத்திறன் களத்தோடு தங்கிவிடும். கற்கும் திறன் மனிதரோடு நடந்து வரும்.

அவனியாபுரத்து வினாவுக்கும் இதையே விடையாகக் கூறலாம். காளையின் கண்ணைப் பார்த்து அது எப்பக்கம் திரும்பும் என்று கணிக்கும் கூர்மை அன்றும் வேண்டும், இன்றும் வேண்டும். கொம்பை நோக்கிப் போகும் கையை அடக்கப் பழகினால் பழைய வீரர் தேறுவார். பழக மறுத்தால் அவர் எத்துணை வலியவராயினும் தேறார்.

இதனினும் கடினமான ஒரு பகுதி உண்டு. சல்லிக்கட்டின் விதிகள் வசதிக்காக மட்டும் மாறவில்லை. மனச்சான்றின் உறுத்தலாலும் மாறின. வாயில்லா உயிர் வதைபடுகிறது என்ற வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் மாணவரும் இளைஞரும் திரண்டு நடத்திய போராட்டத்திற்குப் பின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. காளையைத் துன்புறுத்தாமல் ஆட வேண்டும் என்னும் கண்டிப்பு இந்தப் போராட்டங்களின் ஊடே வலுப்பெற்றது. அவ்வாறாயின், அந்தக் கண்டிப்பு இல்லாத நாளில் ஆடியவரை இன்று குற்றவாளி என்பதா?

இங்கே செயலுக்கு ஒரு தராசும் ஆளுக்கு ஒரு தராசும் வேண்டும். வாலை முறுக்குவது இன்று தவறென்றால் அன்றும் அது காளைக்கு வலித்தது. காலம் வலியைக் குறைப்பதில்லை. எனவே செயலை இன்றைய தெளிந்த அறிவால் எடை போடலாம். ஆளை எடை போடும்போதோ, அவருக்கு அன்று எந்த அளவு வெளிச்சம் கிடைத்திருந்தது என்று கேட்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் நேர்மையாக நடந்தவரை இகழ நமக்கு உரிமை இல்லை. அந்த மங்கிய வெளிச்சத்திலும் தவறென்று தெரிந்ததை யாரும் பார்க்கவில்லை என்று செய்தவருக்குக் காலத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

இந்த வழக்கு வாடிவாசலோடு முடிவதன்று. நம் வீட்டு முற்றத்திலும் நடக்கிறது. ஒரு பக்கக் கணக்கை விரல்விட்டு எண்ணாமல் மனத்திலேயே கூட்டி முடித்த பாட்டனார், கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாமல் பேரனை அழைக்கிறார். அளவு நாடா இல்லாமலே கண்பார்வையில் துணி வெட்டிய தாயாருக்கு இன்றைய ஆயத்த ஆடைக்கடையில் வேலையில்லை. "உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கை அன்று அவிழ்த்த முடிப்புகளால்தான் நாம் இன்று சீருடை அணிந்து களத்தில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

முதியோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தடுப்பு வேலியும் மருத்துவரும் இருப்பதனால் இளைஞனின் துணிவு குறைந்துவிட்டது என்று எண்ணலாகாது. வேலி கூட்டத்தைக் காக்கிறது. காளைக்கும் அவனுக்கும் இடையில் அது நிற்பதில்லை. கொம்பு இன்றும் கொம்புதான். 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் என்னும் ஆட்டக்காரர் கரீமின் புள்ளிக் கணக்கைக் கடந்தபோது, ஏறக்குறைய முப்பத்தொன்பது ஆண்டுகள் அச்சாதனையைத் தம் பெயரில் வைத்திருந்த அந்த எழுபத்தைந்து வயது முதியவர் அரங்கிற்கே வந்திருந்து, பந்தைத் தம் கையால் அவரிடம் கொடுத்தார். கடந்து செல்பவனுக்குக் கொடுக்கும் கை தாழ்ந்த கை ஆகாது.

கரீமுக்காவது எண்ணி வைத்த கணக்கு உண்டு. அன்றைய மாடுபிடி வீரர்களில் எத்தனை பேருடைய வெற்றிகளை யார் எழுதி வைத்தார்கள்? பார்த்தவர்களின் நினைவு ஒன்றே அவர்களுக்குப் பட்டயம். அந்த நினைவுகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. "அவர் இன்று தேறுவாரா?" என்று கேட்குமுன், "அவர் அன்று என்ன செய்தார்?" என்று அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு வைப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்த வேண்டிய முதற்கடன்.