வெள்ளிக் காசும் வியாபாரியின் இலாபமும்

 

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வது சுன்னத்து. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் இதற்காகவும், பெண்மக்களுக்குச் சேமிப்பாகவும் வெள்ளிக் காசு வாங்குகிறோம். "வாங்கும்போது ஒரு விலை, மறுநாள் விற்கப் போனால் குறைந்த விலை. இடையிலுள்ளது வட்டிதானே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள்.

அல்ல. கணக்குக்கு இலேசாகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் காசுக்கு வெள்ளி விலை 1,000. செய்கூலியும் கடைக்காரர் ஆதாயமும் 100. அதன்மேல் நூற்றுக்கு 3 வீதம் ஜி.எஸ்.டி. வரி 33. ஆக 1,133 ரூபாய். அதையே திருப்பிக் கொடுத்தால் கிராம் 95 வீதம் 950 தருகிறார் என்போம். 183 ரூபாய் குறைகிறது. செய்கூலியும் வரியும் திரும்பி வாரா. மீதி, கடை வைத்திருப்பவரின் பிழைப்பு. ரூபாய்க்கு வெள்ளி விற்பதில் இலாபத்துக்கு மார்க்கம் சதவீதம் வகுக்கவில்லை. ஒரு ஆடு வாங்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தனுப்ப, உர்வா (ரலி) அவர்கள் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாயகமவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள்.

ஹராம் நுழையும் வாசல் வேறு. அதைத்தான் நம்மவர் கவனிப்பதில்லை.

நம் கரை முத்துக் கரை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து விலை பேசிய வழக்கம் இங்குண்டு. நல்ல முத்து ஒன்றுக்குச் சிறுமுத்து பத்து கொடுத்து மாற்றலாம்; கடனுக்கும் விற்கலாம். நம் ஷாபிஈ மத்ஹபில் முத்து வட்டிக்குரிய பொருளன்று. வெள்ளியோ அப்படியல்ல. வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடைக்கு எடை சமமாக, அந்த இடத்திலேயே கைக்குக் கை மாறவேண்டும்.

பழைய கொலுசு 100 கிராமைத் தட்டில் போடுகிறோம். "கழிவு போக 85 கிராம் புதுக் காசு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். இங்கேதான் வட்டி வந்துவிட்டது. "பழையது மட்டமான வெள்ளி, புதியது சுத்தம், மதிப்பு ஒன்றுதானே" என்பார்கள். பிலால் (ரலி) அவர்களும் மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு ஸாஉ கொடுத்து நல்லது ஒரு ஸாஉ வாங்கி வந்தபோது, இதுவே வட்டி என்று நாயகமவர்கள் தடுத்தார்கள். மட்டமானதை விற்று, அந்தக் கிரயத்தில் நல்லதை வாங்கும்படி வழிகாட்டினார்கள். செய்கூலியும் சாக்காகாது. முஆவியா (ரலி) அவர்கள் ஒரு குவளையை அதன் எடைக்கு மேற்பட்ட எடைக்கு விற்றபோது அபுத்தர்தா (ரலி) அவர்கள் ஆட்சேபித்தார்கள். எடைக்கு எடையே விற்கவேண்டுமென்று உமர் (ரலி) அவர்களும் கடிதம் எழுதினார்கள்.

ஆகவே கொலுசை ரூபாய்க்கு விற்றுவிடுங்கள். பணத்தைக் கையில் வாங்கி எண்ணுங்கள். பிறகு விரும்பினால் அதே கடையிலும் காசு வாங்கலாம். ஆனால் "இங்கேதான் வாங்கவேண்டும்" என்ற நிபந்தனை முதல் வியாபாரத்தில் இருக்கக்கூடாது. கடைக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம் முன்போலவே இருக்கலாம். அது ஹலாலாவதும் ஹராமாவதும் இந்த இரண்டு நிமிஷ வேலையில் இருக்கிறது.

"எழுதிக்கொள்ளுங்கள், மாசம் பிறந்ததும் தருகிறேன்" என்று வெள்ளிக் காசை எடுத்து வருவதும் கூடாது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நோட்டுப் பணத்துக்கும் தங்கம் வெள்ளியின் வட்டிச் சட்டம் உண்டென்று தீர்மானித்தது. ஹனபி உலமாக்கள் சிலர் இதில் இடம் கொடுப்பதுண்டு. அந்த மத்ஹபினர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. உம்மும்மா பெட்டகத்தில் பழைய வெள்ளி ரூபாய்கள் இருக்கும். விக்டோரியா ராணி தலை பொறித்தது 11.66 கிராம், அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி. 1940 முதல் அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வந்தது நிக்கல். விவரம் தெரியாத கைம்பெண் கொண்டுவந்த விக்டோரியா ரூபாயை "பாதி வெள்ளிதான்" என்று சொல்லி வாங்குபவர், ரூபாயை எண்ணிக் கொடுத்தாலும், கைக்குக் கை மாற்றினாலும், மோசடிக்காரர்தான். சந்தை விலை அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தை வழிமறித்து வாங்குவதை நாயகமவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்தால் வியாபாரத்தை முறிக்க உரிமையும் கொடுத்தார்கள். விற்குமுன் ரூபாயில் பொறித்த வருஷத்தைப் பார்த்து, தராசில் நிறுத்து, இரண்டு கடைகளில் விலை கேட்பது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் முடிந்துவிடும் காரியம்.