கணக்கில் எழுதாத சீனி

 

சில ரமளான்களுக்கு முன், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மளிகை வியாபாரி ஒருவர், முப்பது நோன்பையும் விடாமல் நோற்கப் போவதாக நம்மிடம் கூறினார். நெடுநாளைய இனிப்புநீர் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்யத் தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்தது. "மாஷா அல்லாஹ், இதுவல்லவோ ஈமான்!" என்று நாம் முதுகில் தட்டிக்கொடுத்தோம். பகலில் மாற்ற வேண்டிய பைகளை அவர் நிறுத்திவிட்டது நமக்குத் தெரியாது. நாம் கேட்கவும் இல்லை. ஒன்பதாம் நோன்பன்று மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அல்லாஹ் காப்பாற்றினான். தட்டிக்கொடுத்த கை நம்முடையது என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

நோயாளி நோன்பைப் பிற நாட்களுக்குத் தள்ளி வைக்கவும், அறவே இயலாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யவும் அல்பகரா அத்தியாயத்திலே அல்லாஹுத்தஆலா வழி வைத்திருக்கிறான். வயிற்றினுள் இறங்குவதோ சீனி கலந்த நீர். அது உடம்பில் ஊறி உணவாகிறது. எனவே அந்நிலையில் நோன்பு கூடாது என்பதே ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. மொத்த வியாபாரியிடம் தள்ளுபடி கிடைத்தால் இரு கையாலும் வாங்கிக்கொள்ளும் நாம், ரப்பு அளிக்கும் சலுகையை மட்டும் கௌரவக் குறைவென்று ஒதுக்குகிறோமே!

பையின் சங்கதியைச் சற்று விளக்குவோம். 1976ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் போப்போவிச், மான்கிரீஃப் என்னும் இருவர் வகுத்த முறை இது. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே சுமார் 2 லிட்டர் நீரை இறக்கி, 4 முதல் 6 மணி நேரம் வைத்திருந்து வடிக்க வேண்டும். பெரும்பாலும் நாளொன்றுக்கு நான்கு தடவை. வைத்தியரின் சம்மதத்துடன் சுபுஹு, லுஹர், மஃரிபுக்குப் பின்னும் உறங்குமுன்னும் என அமைத்துக்கொண்டால் தொழுகையும் நடக்கும், கடையும் நடக்கும். இரவில் இயந்திரமே செய்யும் முறையும் உண்டு. ஆனால் வீட்டில் ஓர் அறை கிட்டங்கியாகிவிடும். மாதந்தோறும் வந்திறங்கும் பெட்டிகள் அவ்வளவு!

இந்த நீர் உடம்பின் மிகுதித் தண்ணீரை இழுப்பது எதனால்? சீனியால்தான். 1.5 சதவீதமுள்ள 2 லிட்டர் பையில் 30 கிராம் சீனி, 4.25 சதவீதமானால் 85 கிராம். அதில் பாதிக்கு மேல் இரத்தத்தில் சேர்ந்துவிடக்கூடும். தேயில் சீனியை நிறுத்திவிட்டோமென்று நிம்மதியாயிருப்பவரின் பேரேட்டிலே எழுதாமல் விட்ட வரவு இது. கனத்த பை தேவைப்படுவது உடம்பில் நீர் மிகும்போது. நீர் மிகுவது தாகத்தால். தாகம் வருவது உப்பால். இனிப்புநீர்க்காரர் சீனியைக் கண்டு அஞ்சுகிறார். கருவாடும் ஊறுகாயும் பின்வாசல் வழியே சீனியை அழைத்து வருவதை அறியார்.

இன்சுலின் கணக்கும் மாறிவிடுகிறது. சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கி, சீனியைத் திடீரென்று இறக்கிவிடலாம். பையோ அதை ஏற்றுகிறது. ஆகையால் பழைய அளவையே போட்டுக்கொண்டிராமல் வைத்தியரிடம் புதிதாக நிர்ணயிக்க வேண்டும். ஐக்கோடெக்ஸ்ட்ரின் என்னும் பையை உபயோகிப்போர், தங்கள் சோதனைக் கருவி அதற்குப் பொருந்துமா என்று தாதியிடம் அவசியம் கேட்கவும். சில கருவிகள் இல்லாத சீனியை இருப்பதாகக் காட்டும்; அதை நம்பி ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

உளூச் செய்த கைதானே என்று பையைத் தொடலாகாது. சோப்பிட்டுக் கழுவி உலர்த்தி, முகமூடி அணிந்து, மின்விசிறியை நிறுத்திய பின்பே குழாயைத் திறக்க வேண்டும். அரிசித் தூசு பறக்கும் கடைப் பின்கட்டு இதற்கு ஏற்றதன்று. வடிந்த நீர் கலங்கலாயிருந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கல்லாவை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

விருந்தளிப்போருக்கும் ஒரு சொல். மலாய்க்காரர் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் இந்நோயாளிகளுக்கு விஷம். விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். அன்பினால் ஊட்டிவிடாதீர்கள்.

அந்த வியாபாரி இப்போது நாளொன்றுக்குரிய பித்யா அரிசியை ரமளானில் தம் கடையிலேயே நிறுத்துக் கொடுக்கிறார். நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலுக்கு வந்து நம் பக்கத்தில் அமர்கிறார். கஞ்சியும் பேரீச்சம்பழமும் வரும்போது அவரே தட்டை நம் பக்கம் நகர்த்திவிடுகிறார். நாம் வற்புறுத்துவதில்லை.