படமும் பசையும்

எங்கள் நாகலாபுரத்தில் பையன்களின் சொத்து தீப்பெட்டிப் படம். அடுக்கி, பந்தயம் வைத்து விளையாடுவார்கள். இன்று பழைய தீப்பெட்டிகளைத் தேடி விலைக்கு வாங்கி, 'தொலைந்த பால்யம்' என்று உருகுகிறார்கள்.

அந்தப் படத்தை ஒட்டியது யார்? கோவில்பட்டி வட்டாரத்துப் பெண்களும் சிறுமிகளும். பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' காட்டியது தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அந்தப் பிள்ளைகளைத்தான். 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்களித்தது. வீட்டுத் திண்ணையில் மகள் பசை தடவினால் அது வேலையில்லை, ஒத்தாசை.

பையன்களின் மகிழ்ச்சி பொய்யென்று சொல்லமாட்டேன். ஏங்குவதும் குற்றமில்லை. ஆனால் ஒருவரின் விளையாட்டு இன்னொருவரின் கூலியாக இருந்தபோது, 'நம் பால்யம்' என்பதில் அந்த 'நம்' யார்?

ஆறாம் வகுப்போடு நின்றுபோன என் தோழியிடம் பழைய தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். படத்தை அவள் பார்க்கவில்லை. ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"கோணலா ஒட்டியிருக்குடி. இதக் கணக்குல சேக்க மாட்டாக."