அப்பா எழுதாத வரி

கதை எழுதுகிறவனுக்கு உயில் மிகவும் சௌகரியமான பொருள். ஒளித்து வைக்கலாம், திருத்தலாம், கடைசி அத்தியாயத்தில் கண்டெடுக்கலாம். என் தகப்பனார் எழுதிய உயிலில் அப்படிப்பட்ட சுவாரஸ்யம் எதுவும் இல்லை. செம்மங்குப்பத்துக் கொல்லை, அதிலுள்ள கிணறு, யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை, பம்பு செட் பழுதானால் செலவு எப்படிப் பங்கு என்பது வரை எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். சண்டைக்கு இடமே இல்லை.

சண்டை வேறோர் இடத்தில் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் கேட்டார்: “சுவாசக் குழாய் வைக்கலாமா, வேண்டாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

அண்ணன், “வையுங்கள்” என்றார். நான், “வேண்டாம்” என்றேன். அண்ணன் சொன்னதே நடந்தது. 11 நாள் கிடந்தார் அப்பா. அதை அண்ணன் பாசம் என்கிறார். நான் வதை என்கிறேன். கிணற்று நீரைப் பங்கிட்டவர், தம் மூச்சைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அப்படி எழுத இப்போது வழி உண்டு. தேறும் நம்பிக்கையே இல்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்தது. முதலில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றார்கள். நமக்காகப் பேச ஒருவருக்கு மேல் பெயர் குறிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம்.

சுகமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான், படுக்கையில் கிடக்கப் போகிற என்னைக் கட்டுப்படுத்தலாமா? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் படுத்தியது. அந்த மனிதனை எனக்குத் தெரியாது. அவனுக்கு என்ன ஆசை இருக்குமோ! ஆனால் தாழ்வாரத்தில் நிற்கப் போகிறவர்களை நன்றாகத் தெரியும். அவர்களுக்காக எழுதினேன்.

எழுதியதைப் போகிக்குப் போகி எடுத்துப் படிக்கிறேன். கழிக்க வேண்டியதைக் கழிக்க அதைவிட நல்ல நாள் ஏது? சென்ற போகியன்று படித்தபோதுதான் உறைத்தது: எனக்காகப் பேச நான் குறித்திருந்த மைத்துனர், இப்போது தாமே பேச்சிழந்து படுத்திருக்கிறார். ‘எந்த நிலையிலும் குழாய் கூடாது’ என்று கோபத்தில் எழுதியிருந்த வரியும் உறுத்தியது. தேறி எழ வழியிருந்தால் வைக்கட்டுமே! அந்த வரியை அடித்தேன்.

மைத்துனர் இடத்தில் யாரைப் போடுவது என்று மனைவியைக் கேட்டேன்.

“உங்க அண்ணன் பேரையே எழுதுங்க.”

“அவர் ‘வை’ என்றல்லவா சொல்வார்?”

“ஏன் சொல்லப் போறார்? அன்னிக்கு அவர் கையிலே ஒரு காகிதமும் இல்லே.”

நோட்டரியிடம் போகுமுன் செம்மங்குப்பத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.