மூன்று நாள் விருந்தாளிகள்

விவாகமாகி 25 ஆண்டுகள் நிறைவெய்துவதை முன்னிட்டு ஐரோப்பாக் கண்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவர வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொள்ளும் தம்பதியர் இக்காலத்தில் நம்மிடையே பெருகி வருகிறார்கள். அவர்கள் பல மாதங்கள் உட்கார்ந்து வகுக்கும் பிரயாணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால், பாரிஸில் மூன்று இரவு, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு, கொலோனில் ஒன்று, ஜூரிச்சில் இரண்டு, மிலானில் ஒன்று, வெனிஸில் ஒன்று, ரோமாபுரியில் இரண்டு என்று, 12 இரவுகளுக்குள் ஐந்து தேசங்களையும் ஏழு நகரங்களையும் அடக்கிவிட்ட சாமர்த்தியம் அதில் தெரியும். இதன் சிரமத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் எச்சரிக்கப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. நிலைத்து நின்றதன் பொருட்டுக் கொண்டாடப்படும் ஒரு விழாவை, எவ்விடத்திலும் நிலைத்து நில்லாத ஒரு யாத்திரையால் கொண்டாடுவது பொருந்துமா?

இதை உல்லாசப் பிரயாண விஷயம் என்று தள்ளிவிடாமல் சமயக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள நியாயம் உண்டு. ஏனெனில் அவர்கள் காணச் செல்லும் பூமியே இதே கேள்வியை ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் தனக்குள் விசாரித்து வந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மான்டே கசினோ மலைமேல் மடம் அமைத்து வாழ்ந்த புனித பெனடிக்ட், தம்மைச் சார்ந்த துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குநூலின் முதல் அத்தியாயத்திலேயே துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார். மடத்தில் கூடி வாழ்வோர், தனித்துத் தவம் புரிவோர், தம் இச்சையையே விதியாகக் கொண்டோர் என்ற மூவருக்கும் பின்னே, யாவரினும் கடைப்பட்டவராக அவர் வைப்பது, பிரதேசம் பிரதேசமாகச் சென்று ஒவ்வொரு மடத்திலும் மூன்று நாளோ நான்கு நாளோ விருந்தாளியாகத் தங்கிவிட்டு மேலே செல்லும் சஞ்சாரிகளை. அவருடைய மடத்தில் சேர்பவர் ஏற்கும் பிரதிக்ஞைகளுள், ஸ்திரமாக ஓரிடத்தில் வாழ்வேன் என்பதும் ஒன்று. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஐரோப்பா முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தது இவரைத்தான்! மூன்று நாளுக்கு ஒரு முறை மடம் மாறுகிறவனைக் கடிந்துகொண்டவரின் பாதுகாப்பிலுள்ள கண்டத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை ஊர் மாறிப் பார்த்து வருகிறோம் என்பதை அவர் அறிந்தால் கோபிப்பாரோ, சிரிப்பாரோ, தெரியவில்லை.

ஆனால் அதே ஒழுங்குநூல், மடத்தின் வாசலுக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே பெனடிக்ட் வெறுத்தது வழிப்போக்கரை என்று கொள்வதற்கில்லை. பிறர் சமைத்ததை உண்டு, பிறர் விரித்த பாயில் உறங்கி, தன் முறை வந்து அடுப்பை மூட்ட நேருமுன் புறப்பட்டுவிடுகிறவன், அதாவது ஆயுள் முழுவதும் விருந்தாளியாகவே இருந்துவிட விரும்புகிறவன்தான் அவருக்கு ஆகாதவன். கால் நூற்றாண்டு ஒரே அடுப்பைச் சேர்ந்து மூட்டிய இருவரை அந்தக் குற்றச்சாட்டு தொடுவதில்லை. அவர்கள் 12 நாள் விருந்தாளிகளாக இருந்துவிட்டு வரட்டும் என்று பெனடிக்டே அனுமதி கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், தற்கால அரசாங்க விதிகளும் தம்மையறியாமல் இதே விசாரணையில் கலந்துகொள்கின்றன. 1985 ஜூன் 14-ஆம் தேதி, லக்ஸம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் மோஸல் நதிக்கரையில், ஷெங்கன் என்ற சிற்றூரருகே ஒரு கப்பலின்மேல் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இன்று 29 நாடுகளுக்குள் எல்லைச் சோதனையின்றிச் செல்ல வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை விசாவை எந்த நாட்டின் தூதரகத்தில் கோருவது? பிரயாணத்தின் பிரதான நோக்கம் எந்த நாட்டில் நிறைவேறுகிறதோ, அல்லது எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டில் கோருக என்கிறது விதி; அப்படி ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாமற் போனால், முதலில் நுழையும் நாட்டில். எங்கே அதிகம் நிற்பீர்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஐரோப்பாவுக்குள் காலடி வைக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. மேற்சொன்ன திட்டத்தில் இத்தாலிக்கு நான்கு இரவு, பிரான்சுக்கு மூன்றுதான், ஆகையால் விடை இத்தாலி. அந்த நான்கு இரவுகளும் மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பற்றி விண்ணப்பப் படிவம் கவலைப்படுவதில்லை.

விவாகத்தையும் காலத்தையும் சேர்த்துவைத்துச் சிந்தித்தவர்களில் விவாகமே செய்துகொள்ளாத ஒருவர்தான் மிக ஆழத்துக்குச் சென்றவராக எனக்குப் படுகிறார். கோபன்ஹேகன் நகரத்துத் தத்துவ ஆசிரியர் சோரன் கீர்க்கெகார்ட், ரெகீன ஓல்சன் என்ற பெண்ணுடன் செய்துகொண்ட நிச்சயதார்த்தத்தை 1841-இல் தாமே முறித்துக்கொண்டு, 1843-இல் ‘இது அல்லது அது’ என்ற பெருநூலை வெளியிட்டார். அதன் முதற்பாகத்தில் வரும் ரசிகன் சலிப்பையே சகல தீமைகளுக்கும் வேராகக் கருதுபவன். எனினும், ஊர் சலித்தால் வேறு ஊர், தேசம் சலித்தால் வேறு தேசம் என்று ஓடுவது சலிப்புக்கு மிக மட்டமான மருந்து என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு மறுமொழி எழுதும் நீதிபதி குடும்பஸ்தர். கதைகளெல்லாம் காதலர் தடைகளை வென்று கைகோத்தவுடன் முடிந்துவிடுகின்றனவே, வென்றதை அனுதினமும் காத்துவரும் பெருஞ்செயல் ஏன் காவியமாவதில்லை என்று கேட்டு, கலைக்கு ஒரு கணம் வேண்டும், விவாகத்துக்கோ காலத்தின் நீட்சியே உயிர், ஆதலால் அதைத் தீட்டிக் காட்ட முடியாது என்று அவர் வாதிக்கிறார்.

இந்த வாதத்தைப் படித்த பிறகுதான் ஆண்டுநிறைவு யாத்திரையின் மீது எனக்கிருந்த ஏளனம் குறைந்தது. இருபத்தைந்து வருஷத்து வாடகைப் பணம், காய்ச்சல் கண்ட இரவுகள், பேசாமல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகள், மறுநாட் காலையில் ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்ற காபி இவற்றுக்கெல்லாம் படம் கிடையாது. படம் இல்லாததற்கு ஒரு படம் வேண்டும் என்ற தாபத்தினால்தான் ஈபிள் கோபுரத்தின் முன் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

வேகத்தைப் பற்றியும் நான் அதிகம் குறைகூறத் தயாரில்லை. 1786-இல் இத்தாலிக்குப் புறப்பட்ட மகாகவி கதே, ரோமாபுரியை அடையும் ஆவலில் பிளாரன்ஸ் நகரத்தை மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்தார்; அவசரப் பிரயாணிகளுக்கு இதைவிட மேலான முன்னோடி கிடைக்கமாட்டார். வேகத்தினால் விளையும் நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 387-இல் மிலான் நகரில் ஆம்புரோஸ் ஆயரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டின் (அந்த எண்கோணத் தீர்த்தத் தொட்டியின் அடித்தளத்தை இன்றும் மிலான் பேராலயத்தின் கீழே இறங்கிப் பார்க்கலாம்), தம் ஆத்ம சரிதத்தின் பதினோராம் பாகத்தில் காலம் என்பது யாது என்று விசாரிக்கையில், சென்றது ஞாபகமாகவும், வருவது எதிர்பார்ப்பாகவும், நிகழ்வது கவனமாகவும் உள்ளத்தில்தான் இருக்கின்றன என்ற முடிவுக்கு வருகிறார். மனப்பாடமான ஒரு சங்கீதத்தை ஓதத் தொடங்குமுன் அது முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது; ஓத ஓத, கவனத்தின் வழியே கடந்து ஞாபகத்தில் போய்ச் சேருகிறது என்பது அவர் காட்டும் உதாரணம். பிரயாணத் திட்டமும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு காலையும் அடுத்த ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே விடியும்போது, எதிர்பார்ப்பு கவனத்தைத் தொடாமலே ஞாபகத்துக்குள் விழுந்துவிடுகிறது. ஜூரிச்சிலிருந்து மிலானுக்குச் செல்லும் ரயில், 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கத்துக்குள் ஏறத்தாழ இருபது நிமிஷம் ஓடி வெளிப்படுகிறது. ஆல்ப்ஸ் மலையைக் காணப் போனவர்கள் அந்த மலைக்குள்ளேயே புகுந்து அதைக் காணாமற் போகிறார்கள்.

மிலானில் அவர்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. சாந்தா மரியா தெல்லே கிராட்ஸியே மடத்தின் போஜன சாலைச் சுவரில் லியோனார்டோ டா வின்சி 1495-க்கும் 1498-க்கும் இடையே தீட்டிய ‘கடைசி இராப்போஜன’த்தைப் பார்க்க முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும், சிறு சிறு கூட்டமாக உள்ளே விடுவார்கள், சரியாக 15 நிமிஷம். அதற்குள் எதிர்ச்சுவரில் மொன்டோர்ஃபானோ தீட்டிய சிலுவைக் காட்சியின் பக்கம் திரும்புகிறவர்கள் அபூர்வம். இதே சித்திரத்தின் முன் அம்மடத்துத் துறவிகள் அன்றாடம் அமர்ந்து உண்டார்கள். ஆண்டவருடைய போஜனமும் தங்களுடைய போஜனமும் ஒரே சாலையில் நடப்பதாக எண்ணி உண்ணவேண்டும் என்பதற்காகவே அது அந்தச் சுவரில் வந்தது. கால் மணி நேரத்துக்கும் ஆயுட்காலத்துக்கும் உள்ள தாரதம்மியத்தைச் சொல்லி, நிலைத்திருத்தலே உயர்ந்தது என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம்.

முடிக்க விடாமல் தடுப்பது ஒரு கதவு. 1652-இல் அந்தச் சுவரில் ஒரு வாசலைப் பெரிதாக்கினார்கள். மேஜைக்குக் கீழே தீட்டப்பட்டிருந்த கிறிஸ்துவின் பாதங்கள் அதில் போய்விட்டன. பதினைந்து நிமிஷ விருந்தாளி ஒருவன் கனவிலும் செய்யத் துணியாத காரியத்தை, நாள் தவறாமல் அதன் முன் அமர்ந்து உண்டவர்கள் போக்குவரத்துச் சௌகரியத்துக்காகச் செய்தார்கள். பழக்கம் பக்தியைக் காப்பதுபோலவே குருடாக்கவும் செய்கிறது. நீண்ட இல்வாழ்விலும் இப்படிப்பட்ட கதவுகள் உண்டு: இவருக்கு இது பிடிக்காது, அவளுக்கு இது வராது என்று என்றோ தீர்மானித்து, சமையலறைக்குக் குறுக்கு வழி கிடைத்தால் போதும் என்று மற்றவரின் ஏதோ ஒரு பாகத்தை இடித்து எடுத்துவிட்டிருப்போம், இடித்தது ஞாபகத்தில்கூட இராது. விருந்தாளியின் கண் சில நாளைக்காவது இருவருக்கும் வேண்டியிருப்பது இதனால்தான். பாஷை தெரியாத ஊரில், ரயில் நிலையத்தின் மேடையைத் தேடி அலைகையில், 25 ஆண்டுகளாக வழி கேட்கக் கூச்சப்படுகிறவள் என்று கணவர் எண்ணியிருந்த மனைவி முன்னே சென்று கைச்சாடையால் வழி கேட்டு வருவதை அவர் புதிதாகக் காணக்கூடும். அதைக் காண லூவர் காட்சிசாலைக்குச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் திட்டத்தின் உரைகல் எது? ஐரோப்பாவின் சரித்திரத்திலிருந்தே ஒரு யாத்திரையை நினைவுகூருகிறேன். அயர்லாந்துத் துறவி கொலும்பானுஸ், கடவுளின் பொருட்டுத் தாய்நாட்டைத் துறந்து சஞ்சரிப்பதையே தவமாகக் கொண்டவர். பெனடிக்டின் ஸ்திரத்துக்கு நேர் எதிரான, ஆயினும் அதற்குச் சமமாகப் போற்றப்பட்ட மார்க்கம் அது. இன்றைய பிரான்சில் லக்ஸை என்னுமிடத்தில் மடம் நிறுவி, அரசரின் பகையால் அங்கிருந்து வெளியேறி, ரைன் நதி வழியாக இன்றைய ஸ்விட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸிலும் தங்கி, 612-இல் ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குப் புறப்படும் வேளையில், கால் என்னும் பெயர்கொண்ட அவருடைய சீடர் நோயுற்று, என்னால் இனி வர இயலாது என்றார். அது பாசாங்கு என்று சந்தேகித்த குரு, தாம் உயிரோடிருக்கும் வரை பூசை செய்யக் கூடாதென்று சீடருக்கு ஆக்ஞையிட்டு மலையேறிவிட்டார். 615-இல் பாபியோ மடத்தில் குரு மரித்த பிறகு அவருடைய கைத்தடி மன்னிப்பின் அடையாளமாகச் சீடரிடம் வந்து சேர்ந்தது என்று புனிதர் சரித்திரம் கூறும். சீடர் நின்றுவிட்ட இடத்தில் பின்னர் எழுந்ததுதான் ஸாங்க்ட் காலன் மடாலயமும் அதன் புகழ்பெற்ற நூலகமும். ஜூரிச்சிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

இருவர் சேர்ந்து விரைந்து செல்கையில் ஒருவருக்குக் கால் வலிக்கும், அல்லது ஒரு குளக்கரை பிடித்துப்போகும். நான் இங்கேயே இருக்கிறேனே என்ற சொல் ஏழு நகரங்களில் எங்காவது ஒரு காலையில் எழுந்தே தீரும். திருப்பித்தர இயலாத டிக்கெட்டுகளைக் காட்டி அதைப் பாசாங்கு என்று தள்ளுகிற திட்டம், எத்தனை சாமர்த்தியமானதாயினும், விவாகத்தைக் கொண்டாடும் திட்டமன்று. அந்தச் சொல்லுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருந்தால் அவர்கள் எத்தனை தேசங்களை வேண்டுமானாலும் தாண்டட்டும்.

இடம் விடுவதற்கு ரோமாபுரியே வழிகாட்டுகிறது. 1300-இல் எட்டாம் போனிபாஸ் முதல் ஜூபிலி ஆண்டை அறிவித்தபோது, பாவமன்னிப்பை நாடி வெளியூரிலிருந்து வருவோர் பேதுருவின் கோயிலையும் பவுலின் கோயிலையும் 15 நாள் தரிசிக்க வேண்டும், உள்ளூரார் 30 நாள் தரிசிக்க வேண்டும் என்று விதித்தார். புதுக் கோயில்கள் அல்ல, அதே இரண்டு கோயில்கள், மறுபடி மறுபடி. அந்த ஜூபிலிதான் பிற்காலத்தில் 25 ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆயிற்று. நம் தம்பதியர் 15 நாளுக்கு எங்கே போவார்கள்? இரண்டு நகரங்களைத் திட்டத்திலிருந்து நீக்கி, அந்த இரவுகளை ரோமாபுரிக்குக் கொடுத்து, முதல் நாள் பார்த்த கோயிலையே மறுநாளும் பார்த்துவரலாம்.

எந்த இரண்டு நகரங்களை நீக்குவது என்பதில் அவர்களுக்குள் தர்க்கம் வரும். வரட்டும், 25 ஆண்டுகளில் இதைவிட அற்பமான விஷயங்களுக்கெல்லாம் தர்க்கித்திருக்கிறார்கள். ஒரே இரவுக்காக இறங்கி ஏறுவானேன் என்று கொலோனைத்தான் முதலில் அடிக்கப் பார்ப்பார்கள். என் வாக்கு கொலோனுக்கே. 1248-இல் தொடங்கி 1880-இல் முடிந்த பேராலயம் அது. நடுவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வேலை நின்றுபோய், முடியாத கோபுரத்தின்மேல் பாரந்தூக்கி ஒன்று அப்படியே நின்றுகொண்டிருக்க, ஊரார் அந்த அரைக்கோயிலிலேயே வழிபட்டு வந்தார்கள். வெனிஸை வேண்டுமானால் விட்டுவிடலாம்.