படகும் சுக்கானும்

"ஒரு உயிரைக் காப்பாத்த ஏன் சேர் உண்டியல் குலுக்கணும்? அரசாங்கம் என்ன செய்யுது?"

பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகுகளைப் பற்றி வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

1824இல் தோன்றிய ஆர்.என்.எல்.ஐ. என்ற அந்தத் தர்ம நிறுவனம் இன்றும் பெரும்பாலும் மக்களின் நன்கொடையிலேயே இயங்குகிறது. படகில் செல்வோரிற் பெரும்பாலானோர் தொண்டர்கள். 1854 முதல் 1869 வரை அரச மானியம் பெற்றுப் பின்னர் அதைக் கைவிட்டது.

1981 டிசம்பரில் கோர்ன்வோலின் மவுஸல் கிராமத்திலிருந்து எட்டுப் பேர், புயலிற் சிக்கிய கப்பலிலிருந்த எட்டுப் பேரைக் காக்கப் போனார்கள். பதினாறு பேரும் மாண்டனர். அக்குடும்பங்களுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்த நிதியில் அரசு வரி கேட்க முனைந்தபோது நாடே கொதித்தது.

மூழ்குபவனின் உயிர் கொடையாளியின் மனநிலையில் தங்கியிருப்பது நீதியல்ல. ஆகவே பொதுப்பணம் வரவேண்டும் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் 2021இல், ஆங்கிலக் கால்வாயில் புகலிடம் தேடி வந்தோரைக் காத்ததற்காக அந்நிறுவனம் தூற்றப்பட்டது. யாரென்று கேளாமற் காப்பதே தம் பணி என அது உறுதியாக நின்றது, நன்கொடையும் பெருகியது. அரச பணத்தையே நம்பியிருந்தால் அப்படி நிற்க முடிந்திருக்குமா?

மறுநாள் மாணவனிடம் சொன்னேன்: "அரசாங்கம் படகுக்குக் காசு கொடுக்கட்டும். சுக்கானில் கை வைக்கக் கூடாதென்று சட்டமும் இருக்கட்டும்."

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். கடலுக்குப் போவது கொடை. ஆனால் திரும்பி வராதவரின் குடும்பத்தைப் பார்ப்பது அரசின் கடன்; அதை உண்டியலுக்கு விடலாகாது.