பாறை குறுக்கே வந்தால் நழுவாதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! 2024 டிசம்பர் 1-ஐ நம் திருவண்ணாமலை மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மண்ணும் பாறையும் மூடின. உள்ளே ஐந்து பிள்ளைகள் உட்பட ஏழு பேர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். மழை விடவில்லை. மேலிருந்து இன்னொரு பாறை உருளுமோ என்ற அச்சம் வேறு. ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. ஆனாலும் ஏழு பேரின் உடல்களும் கிடைக்கும்வரை தேடல் கைவிடப்படவில்லை.

நாம் கூடிச் செய்யும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். பாதியில் நிற்கும் மதரஸா கட்டடம், கெடு தாண்டிய ஒப்பந்த வேலை, கடனில் ஓடும் கூட்டு வியாபாரம். சிக்கல் வந்ததும் ஒருவர் போனை எடுப்பதில்லை. இன்னொருவர் மஷூராவுக்கு வருவதில்லை. மிச்சமிருப்பவர்கள் யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலை அப்படியே கிடக்கிறது.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு மதீனாவைத் தாக்கச் சுமார் 10,000 பேர் திரண்டு வந்தார்கள். முஸ்லிம்கள் சுமார் 3,000 பேர். குளிர், பசி, குறைந்த அவகாசம். ஸல்மான் ஃபாரிஸி (ரலி) சொன்ன யோசனையை ஏற்று, நபி (ஸல்) அவர்கள் அகழ் தோண்ட முடிவு செய்தார்கள். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தன் பங்கு எதுவரை என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

தோண்டும்போது பெரும் பாறை ஒன்று குறுக்கே வந்தது. தோழர்கள் அதை மறைக்கவில்லை. நேராக நபியவர்களிடம் வந்து சொன்னார்கள். நபியவர்கள் யாரையும் கடியவில்லை. மூன்று நாள் பசியில் வயிற்றில் கல்லைக் கட்டியிருந்த நிலையில், தாமே இறங்கிக் கடப்பாரையை எடுத்து அடித்தார்கள். பாறை மணலாய்ச் சரிந்தது.

பொறுப்பில் இருப்பவர்களே! உங்களிடம் கெட்ட செய்தியைக் கொண்டுவர ஆட்கள் அஞ்சுகிறார்களா? அப்படியானால் பாறை எங்கே இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. செய்தி வந்ததும் கத்துகிறீர்களா, அல்லது இறங்கிக் கை கொடுக்கிறீர்களா?

அந்த அகழ் வேலையில் நயவஞ்சகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு நழுவினார்கள். பொதுக் காரியத்தில் இருப்பவர் அனுமதி கேட்டே போக வேண்டும் என்று ஸூரத்துந் நூரின் 62-ஆம் வசனம் போதிக்கிறது. விரும்பியவருக்கு அனுமதி கொடுங்கள், அவருக்காகப் பாவமன்னிப்பும் கேளுங்கள் என்று அதே வசனம் நபியவர்களுக்குச் சொல்கிறது. ஆக, தேவை இருப்பவர் கேட்டுவிட்டுப் போகலாம். தலைவரும் முகம் சுளிக்காமல் விட வேண்டும்.

ஜாபிர் (ரலி) அப்படித்தான் அனுமதி கேட்டு வீட்டுக்குப் போனார்கள். நபியவர்களின் பசியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போனவர்கள், ஓர் ஆட்டுக்குட்டியும் கொஞ்சம் வாற்கோதுமையும் சமைக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வந்து அழைத்தார்கள். அந்த உணவில் அல்லாஹ் பரக்கத் செய்தான். அகழில் இருந்த அத்தனை பேரும் வயிறார உண்டார்கள். அனுமதியோடு போனவர் திரும்பி வந்ததால் எல்லாருடைய பசியும் தீர்ந்தது.

அன்பானவர்களே! காரியம் கைகூடுவது அல்லாஹ்வின் கையில். நம் பங்கு நாற்பது முழம். அதைத்தான் நாளை மறுமையில் நம்மிடம் கேட்பான். இன்று அஸருக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நழுவி வந்த வேலை ஏதாவது இருந்தால், அந்தப் பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள். "வருகிறேன்" என்று சொல்லுங்கள். முடியாதென்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்களை அமானத்தைக் காப்பவர்களாக ஆக்குவாயாக. சிரமத்தில் ஒருவரையொருவர் கைவிடாத உள்ளத்தைத் தருவாயாக. ஆமீன்.